பயிர்காவல் துவக்குக்கு ஸ்கோப் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக நெல் கதிர் தள்ளும் காலமும் சிறுபோகக் கச்சான் முற்றும் காலமும் நெருங்கும்போதெல்லாம், வன்னியில் அனுமதிப்பத்திரத்துடன் பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரரிடையே ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. துவக்கின் மேல் பூட்டி இலக்கைப் பெரிதாக்கிக் குறிபார்க்க உதவும் ஸ்கோப் ஒன்றைக் கைக்கு எட்டிய விலையில் வாங்க முடியுமா, வாங்கினால் எதை வாங்குவது என்பதே அந்தப் பேச்சு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய் எனக் காட்டோரமாக வயல் செய்கின்ற எந்த ஊரிலும் இதைக் கேட்கலாம். கைபேசியைத் திறந்தால் 24 மடங்கு பெருக்கும் ஸ்கோப், இரவிலும் பகல் போலக் காட்டும் ஸ்கோப் என்று விளம்பரங்கள் வந்து விழுகின்றன. கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் மச்சானிடம் சொன்னால் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து தருவார் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. இதில் வீணாகப் போகும் பணம் ஒரு புறம் இருக்க, தவறான கருவியைப் பூட்டுவதால் மனித உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பதால், எனக்குத் தெரிந்தவற்றை உங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். குறைந்த பணத்தில் ஸ்கோப் வாங்குகிறவர் உருப்பெருக்கத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. மங்கல் வெளிச்சத்தில் தெளிவாகக் காட்டும் கண்ணாடிக்கும், பூட்டிய குறி அசையாமல் நிற்கும் உறுதிக்குமே கொடுக்க வேண்டும். எமது பகுதியில் உள்ள துவக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்கோப்பே தேவையில்லை என்பதையும், அந்தப் பணத்தில் நல்ல இருகண் நோக்கி ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வதே மேல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பயிர்ப் பாதுகாப்புக்கென எமக்கு வழங்கப்படுபவை பெரும்பாலும் 12 போர் (12 bore) எனும் குழலளவுள்ள சிதறுசன்னத் துவக்குகளே. றைபிளின் குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றி நேராக அனுப்பும் வரிப்பள்ளங்கள் உண்டு. இவற்றில் அவை இல்லை. பெரிய சன்னங்கள் சில அடங்கிய எஸ்.ஜி. தோட்டாவிலிருந்து புறப்படுபவை தூரம் கூடக் கூடப் பரந்துகொண்டே போகும். வாய் ஒடுக்கம் இல்லாத குழலென்றால், 30 மீற்றரிலேயே அவை ஒரு முழத்துக்கும் அதிகமான அகலத்துக்குப் பரந்துவிடும். அதற்கு மேலே போகப் போக, ஒன்றிரண்டு சன்னங்கள் மட்டுமே படும். பன்றி விழாது, காயத்தோடு பற்றைக்குள் ஓடிவிடும். காயப்பட்ட பன்றி எவ்வளவு பொல்லாதது என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாள் விடியற்காலையில் வாய்க்கால் பார்க்கப் போகிறவர்தான் அதன் முன்னால் அகப்படுவார். இத்தகைய துவக்கில் பெரிய மடங்கு ஸ்கோப்பைப் பூட்டினால் நடப்பது என்ன? 80 மீற்றரில் நிற்கும் பன்றியைக் கண்ணாடி பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறது, ஆனால் தோட்டாவின் வலு அதே இடத்தில்தான் நிற்கிறது. எட்டாத தூரத்துக்கு வெடிவைக்கும் ஆசையை மனத்தில் மூட்டுவதுதான் அந்தக் கண்ணாடி செய்யும் முதல் கெடுதல்.

இதற்கு முன்னதாக ஒரு விடயம் உண்டு. இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கும், காட்டு விலங்குகள் பற்றிய விடயங்கள் 1937ஆம் ஆண்டின் விலங்கின தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும் உட்பட்டவை. மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றின் மீது துவக்கை நீட்டுவதற்கு எந்த ஸ்கோப்பும் நியாயமாகாது, இந்தக் கடிதமும் அவற்றை வேட்டையாடுவோருக்காக எழுதப்பட்டதன்று. அனுமதிப்பத்திரம் உள்ளவரும்கூட, துவக்கின் மேல் ஏதாவதொன்றைப் பூட்டுவதற்கு முன்னர், அல்லது வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதற்கு முன்னர், ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெற்றுக்கொள்வதே புத்தி. போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் சென்றாலும், வன்னியில் ஒருவருடைய பயணப் பெட்டிக்குள் இருந்து துவக்குக் கண்ணாடி ஒன்று வெளிப்பட்டால் எழும் கேள்விகள் மற்ற மாவட்டங்களில் எழும் கேள்விகளைப் போல இலகுவாக முடிவதில்லை. விடுமுறையில் வரும் உறவினரை அந்தச் சிக்கலுக்குள் தள்ளுவது சரியல்ல.

அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் இலக்கங்களை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 3-9×40 என்று இருந்தால், மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றலாம், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீற்றர் என்பது பொருள். 4×32 என்றால் மடங்கு நான்கு மட்டுமே, மாற்ற முடியாது, முன்கண்ணாடி 32 மில்லிமீற்றர். இந்த இரண்டு இலக்கங்களுக்குள்ளேயே மங்கல் வெளிச்சத்தின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கிடைப்பதுதான் பின்பக்கமாக வெளியே வந்து எமது கண்ணுக்குள் விழும் ஒளிவட்டத்தின் அளவு. 4×32 ஸ்கோப்பில் அது 8 மில்லிமீற்றர். 3-9×40 ஸ்கோப்பை ஒன்பதில் வைத்தால் நாலரைக்கும் சற்றுக் குறைவு. அதையே நான்கில் வைத்தால் 10. விளம்பரத்தில் வருகின்ற 24 மடங்கு ஸ்கோப்புக்கு 50 மில்லிமீற்றர் முன்கண்ணாடி இருந்தாலும், முழு மடங்கில் வைக்கும்போது இந்த வட்டம் 2 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். இருட்டில் இளவயதினரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும், வயது போனவர்களுக்கு 5 அல்லது அதற்கும் குறைவு. கண்மணி விரிந்து காத்திருக்க, ஸ்கோப் அதற்குள் ஊசித்துளை அளவு வெளிச்சத்தை விட்டால், பொழுதுபட்டதும் கண்ணாடிக்குள் கருமையைத் தவிர வேறொன்றும் தெரியாது. பன்றி வயலுக்குள் இறங்குவதோ அந்த நேரத்தில்தான். ஆகவே நான்கு மடங்குக்கு மேல் எமக்குத் தேவையில்லை. மடங்கு மாறாத 4×32 ஸ்கோப்புக்குள் அசையும் உறுப்புகள் குறைவு, பழுதுபடும் இடங்களும் குறைவு. ஒரே விலைக்கு ஒன்றை மாறும் மடங்கிலும் மற்றொன்றை மாறா மடங்கிலும் தந்தால், மாறாததற்குள் இருக்கும் கண்ணாடியே பெரும்பாலும் தரமானதாக இருக்கும்.

இரண்டாவது விடயம் கண்ணாடியின் மேல் இடப்பட்ட பூச்சு. பூச்சில்லாத கண்ணாடி மேற்பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு ஸ்கோப்புக்குள் பல வில்லைகள் இருப்பதால், காற்றைத் தொடும் மேற்பரப்புகள் பத்து என்று வைத்தாலும், உள்ளே போன ஒளியில் மூன்றிலொரு பங்கு வழியிலேயே போய்விடும். இந்த இழப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சை 1935ஆம் ஆண்டில் ஜேர்மனியின் சைஸ் (Zeiss) ஒளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டறிந்தார். இன்று எல்லா ஸ்கோப்புகளிலும் ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது. வேறுபாடு, எத்தனை மேற்பரப்புகளில், எத்தனை அடுக்குகளில் என்பதில்தான். எல்லா மேற்பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருப்பதாகத் தயாரிப்பாளர் தெளிவாக எழுதியிருந்தால் அதை எடுக்கலாம். வெறுமனே பூச்சிடப்பட்டது என்று மட்டும் இருந்தால் ஒரு பக்கத்தில் ஓர் அடுக்கு மட்டும் இருக்கக்கூடும். முன்கண்ணாடி சிவப்பு மாணிக்கம் போல மின்னுகின்ற மலிவு ஸ்கோப்புகள் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். அந்தச் சிவப்பு, பயன்பட வேண்டிய ஒளி திரும்பிப் போகிறது என்பதன் அடையாளம் என்பதால், அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

கடையில் ஸ்கோப்பைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் வாசலில் நின்று, நல்ல வெயிலில், தெருவுக்கு எதிரே உள்ள பெயர்ப் பலகையைப் பார்த்து, எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று வியக்கிறார்கள். பகல் வெயிலில் எந்தக் கண்ணாடியும் நன்றாகத்தான் தெரியும். சோதிக்க வேண்டிய நேரம் பொழுதுபடும் நேரம். எங்கள் ஊரில் இரண்டு கமக்காரர் வைத்திருந்த இரண்டு ஸ்கோப்புகளைத் துவக்கில் பூட்டாமல் வெறும் கையில் எடுத்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்று விலை கூடியது, 6 முதல் 24 மடங்கு. மற்றது மலிவான, பழைய 4×32. வயலின் தலைப்பில் காட்டோரமாக ஒரு பாலைமரக் குற்றியும் அதன் பக்கத்தில் ஒரு கரையான் புற்றும் இருந்தன. வெளிச்சம் இருக்கும்வரை பெரிய ஸ்கோப்பில் குற்றியின் பட்டை வெடிப்புகளை எண்ணலாம் போல இருந்தது. சூரியன் மறைந்து காடு கருக்கத் தொடங்கியதும், அதன் உயர்ந்த மடங்குகளில் குற்றியும் புற்றும் ஒன்றாகக் கலந்து ஒரே கறுப்பாகிவிட்டன. அவற்றின் மேல் விழுந்த கறுப்புக் குறுக்குக் கோடும் அதற்குள் காணாமற்போனது. நாலு மடங்கு ஸ்கோப்பிலோ, வெறுங்கண்ணுக்கு இரண்டும் பிரிந்து தெரியாத பிறகும், குற்றி வேறு புற்று வேறு என்று சிறிது நேரம் பிரித்துப் பார்க்கக்கூடியதாக இருந்தது. கூட இருந்த பெரியவர், "தம்பி, அது குற்றி எண்டு எங்களுக்கு முதலே தெரியும், தெரியாதவன் இந்த நேரத்தில பெரிய கண்ணாடியால பாத்தா அதைப் பண்டியெண்டுதான் நினைப்பான்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. வாங்க விரும்புகிறவர், கடைக்காரர் அறிந்தவராக இருந்தால், மாலையில் ஒரு மணித்தியாலம் கேட்டு இப்படிப் பார்த்துவிட்டு வாங்குவதே முறை. அந்த நேரத்தில் குறுக்குக் கோடு கண்ணுக்குப் புலப்படுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். நூலிழை போன்ற மெல்லிய கோடுகளை விட, ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்த கோடுகள் எமது தேவைக்கு ஏற்றவை.

மடங்கு கூடினால் பார்வையின் அகலம் சுருங்கும் என்பதும் எமக்கு மிக முக்கியமானது. மூன்று மடங்கில் 100 மீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ 11 மீற்றர் அகலம் தெரியுமானால், ஒன்பது மடங்கில் 4 மீற்றர் அளவுதான் தெரியும். எமது வயல்களில் பன்றி நிற்கும் 30 மீற்றர் தூரத்தில் இந்த 4 மீற்றர் ஒன்றேகால் மீற்றராகிவிடுகிறது. பெரிய பன்றி ஒன்றின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவு. கண்ணாடிக்குள் பன்றியின் முதுகு மயிர் மட்டும் தெரியும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, பக்கத்து வரம்பில் யார் நிற்கிறார் என்பது தெரியாது. ஓடத் தொடங்கிய பன்றியை இத்தகைய ஸ்கோப்பால் பின்தொடரவும் முடியாது.

ஸ்கோப்புக்குள் குறுக்குக் கோடு ஒரு தளத்திலும், இலக்கின் பிம்பம் மற்றொரு தளத்திலும் விழுந்தால், கண்ணைச் சற்று அசைக்கும்போது குறி இலக்கின் மேல் நகர்வது போலத் தெரியும். கடைத் தராசின் முள்ளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நிறை மாறித் தெரிவதைப் போன்றது இது. பெரிய றைபிள்களுக்கான ஸ்கோப்புகள் பொதுவாக 100 யார் (ஏறத்தாழ 91 மீற்றர்) தூரத்தில் இந்தப் பிழை இல்லாதவாறு அமைக்கப்படுகின்றன. சிறிய .22 றைபிள்களுக்கானவை 50 யார் தூரத்துக்கு அமைக்கப்படுகின்றன. கிட்டிய தூரத்தில் பாவிப்பவர் அதற்கென அமைந்ததையே கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தைப் பலர் விசாரிப்பதே இல்லை. 12 போர் துவக்கு தோளில் உதைக்கும் உதையை அறிந்தவர்களுக்கு, பின்கண்ணாடியின் உலோக விளிம்பு புருவத்தில் இருந்து இரண்டு அங்குலத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பது விளங்கும். புருவம் பிளந்து தையல் போடும் நிலை வரும். முழுப் படமும் தெரியும் நிலையில் குறைந்தது மூன்றரை அங்குல இடைவெளியாவது இருக்கும் ஸ்கோப்பையே எடுக்க வேண்டும். நிலத்தில் உட்கார்ந்து, பரணில் இருந்து கீழ்நோக்கி என, காவலில் உண்மையில் எப்படி இருப்போமோ அப்படி இருந்து இந்த இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டு அளந்தால் போதாது, ஏனெனில் பரணில் இருந்து கீழே குறிபார்க்கும்போது முகம் தானாகவே முன்னே நகரும்.

இனி, பூட்டும் முறை. எமது ஒற்றைக் குழல் துவக்குகளில் பல ஸ்கோப் பூட்டுவதற்கென்று செய்யப்பட்டவையல்ல. மேலே தண்டவாளம் போன்ற பிடிமானம் கிடையாது. பட்டறையில் கொடுத்துத் துளையிட்டுப் பூட்டுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். வெடிமருந்தின் அமுக்கத்தைத் தாங்கும் பகுதியில் அளவறியாமல் துளை போட்டால் அந்த இடம் பலவீனப்படும். அனுமதிப்பத்திரத்தில் பதிந்த துவக்கில் மாற்றம் செய்வது சட்டப் பிரச்சினையாகவும் முடியலாம். பூட்டுவதற்கு முறையான இடம் உள்ள துவக்காயின், மலிவான வளையங்களைத் தவிர்த்து நல்ல உருக்கு வளையங்களுக்குச் செலவிடலாம். ஸ்கோப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வளையம் வழுக்கினால் குறி ஒவ்வொரு வெடிக்கும் இடம்மாறும். 25.4 மில்லிமீற்றர் குழாயை விட 30 மில்லிமீற்றர் குழாய் கூடுதல் வெளிச்சம் தரும் என்ற பேச்சில் உண்மையில்லை. அது குறியை மாற்றும் வீச்சைக் கூட்ட உதவுமேயன்றி வெளிச்சத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை.

குரங்குத் தொல்லைக்குக் காற்றுத் துவக்கு என்ற பேச்சும் இப்போது பரவலாக இருப்பதால், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துவக்கு வலுக் குறைந்தது, ஆகவே எந்த மலிவு ஸ்கோப்பும் தாங்கும் என்று நினைப்பது பிழை. அதன் முசலம் (பிஸ்டன்) முன்னோக்கிப் பாயும்போது துவக்கு பின்னுக்கு உதைத்து, முசலம் முட்டி நிற்கும்போது முன்னுக்கும் உதைக்கிறது. சாதாரண ஸ்கோப்பின் வில்லைகள் பின்னுதையைத் தாங்கும்படியே இறுக்கப்பட்டிருக்கும். இந்த முன்னுதை அவற்றைக் கழற்றிவிடும், குறுக்குக் கோடும் சாய்ந்துபோகும். காற்றுத் துவக்குக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி தந்ததை மட்டுமே அதற்குப் பூட்டலாம்.

எமது காலநிலையில் எல்லாவற்றையும் விட வேகமாக மலிவு ஸ்கோப்பைக் கொல்வது ஈரம். ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவமழை பெய்யும் நாட்களிலும், தை மாதத்துப் பனிக்கும், காவல் கொட்டிலில் கிடக்கும் ஸ்கோப்பின் உள்ளே நீராவி புகுந்துவிட்டால், விடிகிற நேரத்தில் குழாய் குளிரும்போது அது உட்பக்கக் கண்ணாடியில் படிந்து வெள்ளையாகிவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. நாளடைவில் உள்ளே பூஞ்சணமும் பிடிக்கும். இதைத் தடுக்கவே நல்ல ஸ்கோப்புகளின் உள்ளே இருக்கும் காற்றை அகற்றி உலர்ந்த நைதரசன் வாயுவை நிரப்பி, இறப்பர் வளையங்களால் அடைக்கிறார்கள். அடைப்பு உண்மையானதா என்று அறிய, ஸ்கோப்பை இளஞ்சூடான தண்ணீரில் சற்று நேரம் அமிழ்த்திப் பார்க்கலாம். குமிழிகள் தொடர்ந்து எழுந்தால் அது ஒழுகும் ஸ்கோப். நீர் புகாதது என்று எழுதி விற்பவர் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்க மறுத்தால், பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

குறியைச் சரிசெய்யும் திருகுகளில் ஒவ்வொரு கிளிக்கும் பெரும்பாலும் கால் நிமிடக் கோணம் (ஒரு நிமிடம் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) நகர்த்தும். 100 மீற்றரில் அது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 25 மீற்றரில் அதன் காற்பங்கு, அதாவது 2 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. 25 மீற்றரில் குறி 5 சென்ரிமீற்றர் விலகியிருந்தால் 28 கிளிக் அளவு திருக வேண்டும் என்பதை அறியாமல், இரண்டு மூன்று கிளிக் திருகிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று சொல்வோர் உண்டு. தனிச் சன்னம் சுடும் றைபிளில், மலிவு ஸ்கோப்பின் உண்மைத் தரத்தை அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. தாளில் ஒரு புள்ளிக்குச் சுட்டுவிட்டு, வலப்பக்கம் 20 கிளிக், மேலே 20, இடப்பக்கம் 20, கீழே 20 என்று திருகி, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியைக் குறிபார்த்துச் சுட வேண்டும். நல்ல ஸ்கோப் என்றால் தாளில் ஒரு சதுரம் விழுந்து, கடைசிச் சன்னம் முதற் சன்னத்தோடு வந்து சேரும். சேராவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான். வெளிநாட்டில் இருந்து வாங்கி அனுப்பும் உறவினர், இயன்றால் அங்கேயே சுடுதளத்தில் இதைச் செய்துவிட்டு அனுப்பினால் நல்லது. வோர்டெக்ஸ், லியூபோல்ட் போன்ற ஸ்கோப் நிறுவனங்கள் ஆயுட்கால உத்தரவாதம் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் முல்லைத்தீவில் இருந்து பழுதான ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கடினம் என்பதை அனுப்புகிறவர் எண்ண வேண்டும். பெயர் பெற்ற நிறுவனங்களின் முத்திரை பொறித்த போலிகளும் உலகச் சந்தையில் உலாவுகின்றன. லியூபோல்ட் நிறுவனமே தன் பெயரில் வரும் போலிகள் குறித்து எச்சரித்திருக்கிறது. நம்ப முடியாத விலையில் பெரிய பெயர் கிடைத்தால் நம்பாமல் விடுவதே சரி.

கனடாவில் அனுமதியோடு மான் வேட்டைக்குப் போகும் எமது பிள்ளைகளுக்கு நான் மேலே சொன்னதில் சிறு திருத்தம் உண்டு. அவர்கள் றைபிளால் 100, 200 மீற்றரில் சுடுகிறார்கள், ஆகவே 3-9×40 அவர்களுக்குப் பொருத்தமான, விலையும் தாங்கக்கூடிய அளவு. காட்டுக்குள் நடக்கும்போது மூன்றிலேயே வைத்திருந்து, வெளியில் நின்று நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைத்தால் மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த நாட்டின் அனுபவத்தை வைத்து, இங்கே கச்சான் தோட்டத்துக்குக் காவல் இருக்கும் தகப்பனுக்கும் அதையே அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். 12 போர் துவக்குக்கு முறையாகப் பூட்டும் இடமும் அனுமதியும் இருந்தால், ஒரு மடங்கில் இயங்கும் சிவப்புப் புள்ளிக் குறியோ, ஒன்றரை மடங்கில் தொடங்கும், பார்வை அகலமான ஸ்கோப்போ போதும். இரண்டு கண்களையும் திறந்துவைத்துக்கொண்டே குறிபார்க்கலாம், சுற்றிவரவும் தெரியும்.

நான் மிகவும் அஞ்சுகிற விடயத்துக்கு இப்போது வருகிறேன். ஸ்கோப் கையில் இருப்பவர் காட்டோரத்தில் ஏதோ அசைந்தால், அது என்ன என்று பார்ப்பதற்கே துவக்கைத் தூக்குகிறார். அப்படிப் பார்க்கும்போது குழலும் அதே இடத்தைத்தான் பார்க்கிறது. எமது வயல்களில் இரவில் இருப்பவை பன்றிகள் மட்டுமா? பக்கத்து வயலுக்குக் காவல் இருப்பவர், மதகு திறக்க வந்தவர், விடியுமுன் தேன் எடுக்கவும் விறகுக்கும் புறப்பட்டவர், பட்டியை விட்டுப் பிரிந்த மாடு, எல்லாம் உண்டு. கட்டுத்துவக்கு, ஆளா விலங்கா என்று பாராமல் வெடிப்பதால் எத்தனை கால்களைப் பறித்தது என்பதை அறிந்த நாம், கையில் பிடித்திருக்கும் துவக்கையும் அதே நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. பார்ப்பதற்கு இருகண் நோக்கி, சுடுவதற்குத் துவக்கு. இந்தப் பிரிவைக் கைவிடவே கூடாது. 7×50 இருகண் நோக்கி 7 மில்லிமீற்றர் ஒளிவட்டத்தைத் தருகிறது, 8×42 ஐந்துக்குச் சற்று மேல். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் உருவம் பிரிந்து தெரியும், கண்ணும் களைக்காது. அது யாரையும் காயப்படுத்தாது. யானை வருகிறதா என்று பார்க்கவும் அதுவே உதவும், அதற்கு எந்தத் துவக்கும் உதவாது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால், ஒரு கணமும் யோசிக்காமல் இருகண் நோக்கியை வாங்குங்கள் என்றே நான் சொல்வேன்.

இது தொடர்பாக அதிகாரிகளிடம் இரண்டு கோரிக்கைகளை உங்கள் பத்திரிகை முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குகளில் எவ்வகைக் குறிகாட்டும் கருவிகளைப் பூட்டலாம், எவற்றைப் பூட்டக் கூடாது, அவற்றை எடுப்பிக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில், தெளிந்த தமிழில் அச்சிட்டு, பத்திரம் புதுப்பிக்க வருவோரிடம் மாவட்டச் செயலகங்கள் கொடுக்க வேண்டும். கமநல சேவைகள் நிலையங்களின் அறிவித்தல் பலகையிலும் அதை ஒட்டலாம். ஆண்டுக்கு ஒரு தடவை, காலபோகம் விதைப்பதற்கு முன்னர், பொலிசாரின் மேற்பார்வையில் பாதுகாப்பான ஓரிடத்தில், அனுமதிப்பத்திரம் உள்ள கமக்காரர் தம் துவக்கை 20, 30, 40 மீற்றரில் தாளுக்குச் சுட்டுப் பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். தன் துவக்கின் சன்னங்கள் 40 மீற்றரில் தாளெங்கும் சிதறிக் கிடப்பதை ஒருவர் தன் கண்ணால் கண்டுவிட்டால், 24 மடங்கு ஸ்கோப் வாங்கும் எண்ணம் அவருக்கு எழாது. எட்டாத தூரத்துப் பன்றிக்குத் தோட்டாவை வீணாக்கவும் மாட்டார். இதற்குத் தோட்டாச் செலவைத் தாமே ஏற்றுக்கொள்ள எமது பகுதிக் கமக்காரர் அமைப்புகள் பின்நிற்கமாட்டா என்று நம்புகிறேன். இடமும் மேற்பார்வையும் கிடைத்தால் போதும்.

இங்ஙனம்,
கமக்காரர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.